இருபது நிமிடம், உடையோடு

மோதிரத்தையும் கழற்று என்கிறாள் ஸ்னேஷானா.
கைக்கடிகாரம், பெல்ட், கைபேசி,
டிராம் பணிமனையின் அடையாள அட்டை
எல்லாம் நீலத் தட்டில் போயாயிற்று.
மோதிரம்தான் வர மறுக்கிறது.
சோப்பு போட்டு இருவரும் இழுக்கிறோம்.
இருபத்தேழு வருஷம் வெயில் படாத வளையம் ஒன்று
என் விரலில் வெள்ளையாக.

ஆனால் உடையைக் கழற்றச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன்.

பல் மருத்துவரிடமிருந்து
வழிதவறி வந்தது போல ஒரு நாற்காலி.
உட்காருமிடத்துக்கு அடியில் செம்புச் சுருள்.
கரண்ட் அதில் ஓடும், காந்தப்புலம் எழும்,
ஜீன்ஸையும் சதையையும் கேட்காமல் கடக்கும்,
நரம்பில் இன்னொரு சிறு கரண்டாகப் பிறக்கும்.
அவள் விளக்குகிறாள், நான் தலையாட்டுகிறேன்.
தலைக்கு மேல் அறுநூறு வோல்ட் கம்பியோடு
தினமும் எட்டு மணி நேரம் குடித்தனம் நடத்துகிறவள் நான்.

டொக் டொக் டொக் டொக்.
மரங்கொத்தி.
நான் அசைக்காமல் எனக்குள் ஏதோ சுருங்குகிறது,
விடுகிறது, சுருங்குகிறது.
ஐம்பத்து மூன்று வயதில் அறிமுகம்:
இதுதான் உன் இடுப்புத் தளம், யத்ராங்கா.
அடக்கமாக இரு, அடக்கமாக இரு என்று
வளர்த்தார்களே,
எந்தத் தசையால் என்று
ஒருவராவது சொன்னார்களா?

முப்பது சதவீதம். நாற்பது.
வலிக்கிறதா?
இல்லை. சிரிப்பு வருகிறது.
சிரித்தால்தானே எனக்கு ஆபத்து.

பதினான்காம் எண் தடத்தின்
நிறுத்தங்கள் உங்களுக்குத் தெரியும்.
எனக்குக் கழிவறைகள் தெரியும்.
வடக்குக் கோடியில் ஒன்று, பூட்டு சரியில்லை.
நடுவில் ரொட்டிக்கடை.
கடைக்காரி மிர்யானா ஏன் என்று கேட்டதில்லை,
பன் வாங்காமல் போனாலும் முறைத்ததில்லை.
அதற்கப்புறம் சாவா ஆறு.
பாலத்தின் நீளம் முழுக்க
கீழே அவ்வளவு தண்ணீர்,
மேலே கால்களை ஒட்டிக்கொண்டு நான்.

கறுப்புக் கால்சட்டை மட்டுமே.
பையில் இன்னொன்று, உருட்டி.
காலைக் காப்பி நின்று நாலு வருஷம்.
ஜலதோஷம் பிடித்தால் விடுப்பு.
ஓட்டகாரிடம் சொன்ன காரணம்: முதுகு.
அவன் தைலம் வாங்கி வந்தான், பாவம்.
தேய்த்தும் விட்டான்.

காத்திருப்பு அறையில் ஒரு பெண்,
முப்பது இருக்கும். கைப்பந்து கோல்கீப்பராம்,
குழந்தைக்கு ஏழு மாதம்.
மூன்று வாரம் மழையைப் பற்றியே பேசினோம்.
நாலாம் வாரம் அவள்
ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்:
உங்களுக்கு இருமலா, தும்மலா?
தும்மல், என்றேன்.
எனக்குக் குதித்தால், என்றாள்.
பிறகு மழையைப் பற்றிப் பேசவில்லை.

ஒன்பதாவது முறை உட்கார்ந்து எழுந்த மறுநாள்
பாலத்தின் நடுவே
தண்டவாளத்தில் ஒரு நாய்.
முழு பிரேக். மணல் புகை.
அந்தப் புகையில் எனக்குத் தும்மல்,
ஒன்றல்ல, மூன்று.
நாய் போய்விட்டது.
பின்னால் யாரோ திட்டுகிறார்கள்.
நான் அசையவில்லை.
அந்தச் சூட்டுக்காகக் காத்திருந்தேன்,
வீட்டு வாசலில்
கடன்காரனுக்காகக் காத்திருப்பது போல.

வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தான்.
ஓட்டகாரிடம் கடைசியில் உண்மையைச் சொன்னபோது
அவன் தைலப் புட்டியைப் பார்த்த பார்வைக்கு
நான் சிரித்த சிரிப்பில்.
கொஞ்சம்தான். ஒரு கரண்டி.
எழுந்து ஓடாமல்
முழுதும் சிரித்து முடித்தேன்.

இன்று தெற்குக் கோடியில் ஏழு நிமிட ஓய்வு.
தள்ளுவண்டியில் ஒரு காப்பி வாங்கினேன்.
பாதி குடித்தேன்.
மீதியைப் பாதாம் நிற இலைகளோடு நின்ற
அந்த மரத்தடியில் ஊற்றிவிட்டு
மணியடித்துக் கிளம்பினேன்.