எவ்வளவு பெறும்

முதலில் சட்டத்தைக் கழற்ற வேண்டும் என்றேன்.
"கழட்டுங்க புள்ள" என்றார் ஆதம்பாவா,
கல்முனையில் பாதி வீட்டு பிரிட்ஜ்களைக் கழற்றிய கைகளை
மேசை விளிம்பில் பக்குவமாய் வைத்துக்கொண்டு.

பன்னிரண்டு ஆணி. ஒன்பது துரு.
மூன்று மட்டும் புதிது, வேறு அளவு.

உள்ளே மழை.
சாய்வாய், மெல்லிசாய், நெருக்கமாய்,
ஒரு கோடு இன்னொன்றைத் தொடாமல்.
வைக்கோல் மேலங்கி போட்ட ஒருவன்
நாணல் கரையால் போகிறான்,
நமக்கு முதுகைக் காட்டி.

லென்ஸை வைத்தேன்.
இயந்திர அச்சென்றால் புள்ளி தெரியும். இல்லை.
பின்புறம் வட்டம் வட்டமாய்த் தேய்த்த தடம்:
ஆரோ ஒருவர் ஈரத் தாளைப் பலகையில் பரப்பி
உடம்பின் முழுப் பாரத்தையும் உள்ளங்கைக்கு இறக்கியிருக்கிறார்.
மரத்தில் மழையைச் செதுக்க ஏலாது.
மழை இல்லாத இடத்தையெல்லாம்
செதுக்கி எறிய வேண்டும்.

"அசல்தான்" என்றேன்.
அந்தச் சொல்லுக்கு முகம் மலராத ஒருவரை
இந்தக் கடையில் அன்றுதான் கண்டேன்.

"அப்ப எவ்வளவு பெறும்?"
"விக்கப் போறீங்களா?"
"விக்கிறதுக்கு என்ட இல்லையே."

கடல் வந்த மூன்றாம் நாள், மருதமுனையில்,
ஆருடைய சுவர் என்று தெரியாத ஒரு சுவருக்கும்
கவிழ்ந்த ஓட்டோவுக்கும் நடுவே
கண்ணாடிகூட உடையாமல் கிடந்ததாம்.
ஒரு வருசம் பள்ளிவாசலில் சொல்லிப் பார்த்தார்.
கோயிலில், மிஷனில், கச்சேரியில்.
ஜப்பான் படம் என்றதும் மூன்று பேர் வந்தார்கள்.
ஒருவர் மலை என்றார், ஒருவர் பூ.
மூன்றாமவர் எதையும் சொல்லாமல் அழுதுவிட்டுப் போனார்.
பேர் ஏதும் இருக்குமா என்று ஒருக்கால் திறந்து
திரும்ப மூடி
இருபது வருசம் அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்தார்.
சுவரில் மாட்டினால் சொந்தமாகிவிடும்.

தை மாதம் அவர் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள்.
இனி, பெறுமதி அறிந்து அந்தக் காசை
உரியவர் பேரில் சதக்கா கொடுக்க வேண்டும்.
"பேர்தான் தெரியாதே" என்றேன்.
"எனக்குத்தானே தெரியா" என்றார்.

குறைகளை எழுத உட்கார்ந்தோம்.
ஓரம் நாலு பக்கமும் வெட்டு. முந்தி நடந்தது, கழிக்கலாம்.
நீலம் வெளுத்தது வெயிலில்.
அலுமாரிக்குப் பின்னால் வெயில் ஏது? கழிக்கலாம்.
கீழே நீர்க்கறை, பழுப்பு விளிம்போடு
அந்த மனிதனின் முழங்கால் வரை.
"எடுக்கக்குள்ளயே ஈரம் புள்ள."
அது கடலின் கணக்கு. கழித்தேன்.

வலது மூலையில் பூஞ்சணம்.
அவர் பேசவில்லை.
ஈரம் என்ன செய்யும் என்று
என்னைவிட அவருக்குத் தெரியும்.
"அது என்ட" என்றார் கடைசியில்.
"காயவிடாம மூடின நான்."
பூஞ்சணத்தைக் கழிக்கவில்லை.

பூச்சித் துளை ஏழு. ஐந்து பழசு.
மிச்சம் இரண்டுக்கும் அரை மணித்தியாலம் வழக்காடினோம்,
அவர் அவருக்கு எதிராக,
நான் அவருக்காக. தோற்றேன்.

ஒசாக்காவில் இருக்கும் சிநேகிதிக்குப் படம் அனுப்பினேன்.
பிந்திய பதிப்பு, பெரிய கை இல்லை,
ஆனால் மழையை வெட்டியவன் கெட்டிக்காரன் என்றாள்.
அவள் சொன்ன யென்னை ரூபாயாக்கிக்
கழித்தும் கழிக்காமலும் வந்த தொகை
ஒரு புதுப் பிரிட்ஜ் பெறும். சின்னது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.
"சட்டத்தைச் சேக்கல்லையே."

உண்மைதான். முதிரை மரம்.
மட்டக்களப்பில் ஒரு பறங்கித் தச்சர் செய்திருக்க வேண்டும்,
மூலையிணைப்பில் மயிரிழை இடைவெளி இல்லை.
மரத்துக்கும் கூலிக்கும் ஒரு விலை போட்டேன்,
பன்னிரண்டு ஆணிக்கும்.

"மூணு ஆணி நான் அடிச்ச" என்றார்.
"அதைக் கழியுங்க."

ஒன்பது ரூபா.
கழித்தேன்.