எட்டு

மல்லிப்பட்டினத்தில் படகை வாங்கியபோது
காத்தாடியை யாரும் பார்க்கவில்லை.
பைபர் உடம்பைத் தட்டிப் பார்த்தோம்.
எஞ்சின் மூடியைத் திறந்து, ஏதோ புரிந்ததுபோல் மூடினோம்.
விலையில் நாலாயிரம் குறைத்தோம்.
தண்ணீருக்குள் கிடப்பதை
யார் குனிந்து பார்க்கிறார்கள்?

கொழுந்தன் வைரவன்தான் ஓட்டி வந்தான்.
"அண்ணி, பறக்குது!" என்று போனில் கத்தினான்.
பறந்தது உண்மைதான்.
அன்றைக்கு அதில் இருந்தது
அவனும் ஒரு டிபன் பாக்ஸும்.

முத்துப்பேட்டைக் காயலில் நாங்கள் ஏற்றியது வேறு.
நண்டு வலை ஆறு கட்டு, ஐஸ் பெட்டி,
தவமணி, இடும்பன், நான்.
திரும்பும்போது ஈரம்.
ஈரத்தை எந்தப் பட்டியலிலும் எழுதுவதில்லை.
கைப்பிடியை முழுதும் திருகியும்
மூக்கை நிமிர்த்திக்கொண்டு
பின்பக்கமாய் உட்கார்ந்துவிட்டது படகு,
கல்யாணப் பந்தியில் எழ மனமில்லாதவர் மாதிரி.
எஞ்சின் இருமியது.
பெட்ரோல் கணக்கு மட்டும் பறந்தது.

பிளக் மாற்றினோம். கார்பரேட்டர் கழுவினோம்.
இடும்பன் எலுமிச்சம்பழம்கூட வைத்துப் பார்த்தான்.
கடைசியில் நாகப்பட்டினம் கடைக்குப் போன் போட்டால்
ரிஃபாய் எஞ்சினைப் பற்றிக் கேட்கவே இல்லை.
"காத்தாடில என்ன நம்பர் வெட்டியிருக்கு?"

வற்றம் வரைக்கும் காத்திருந்து
முழங்கால் சேற்றில் இறங்கி
ஒட்டியிருந்த சிப்பியைக் கத்தியால் சுரண்டி
கட்டைவிரலால் தடவிப் படித்தேன்:
பதினொன்று.

ஒரு சுற்றுக்குப் பதினொரு அங்குலம்
முன்னே போகப் பார்க்கிறது அது,
மரத்தில் திருகாணி இறங்குவதுபோல.
தண்ணீர் மரமல்ல, கொஞ்சம் நழுவும்.
அது கிடக்கட்டும்.
நீள எட்டு வைப்பவள்
தலையில் பாரம் இல்லாதவரை அழகாய் நடக்கிறாள்.
பாரம் ஏறினால் எட்டைச் சுருக்க வேண்டும்.
நாற்று முடி சுமந்து
நனைந்த வரப்பில் போன எவளுக்கும் தெரியும் இது.
எனக்கும் தெரிந்திருந்தது.
படகுக்கும் அதுதான் என்று தெரியவில்லை.

கடன் வாங்கிய மீட்டரில் பார்த்தோம்,
முழு வேகத்தில் நாலாயிரத்து நானூறு சுற்று.
அந்த எஞ்சின் கேட்பது ஐயாயிரத்துக்கு மேல்.
சோம்பேறி என்று திட்டியிருந்தோம்.
பாவம், மூச்சு முட்டியிருக்கிறது.

"மொத்தப் பாரம் எவ்வளவுக்கா வரும்?"
நானூற்று இருபது கிலோ என்றேன்.
கடனைச் சேர்க்கவில்லை. அது மிதக்கும்.

"அப்ப எட்டு போடுங்க" என்றான் ரிஃபாய்.
"எட்டு போட்டா மாடு மாதிரி போகும்" என்றான் வைரவன்.
மாடுதானே வேண்டும் என்றேன்.

ஸ்டீல் பளபளவென்று இருந்தது.
ஆனால் அலையாத்தி வேரில் முட்டினால்
ஸ்டீல் வளையாது,
உள்ளே கியர் நொறுங்கும்.
அலுமினியம் தன் இதழை மடக்கிக்கொண்டு
எஞ்சினை வீட்டுக்கு அனுப்பிவிடும்.
எது உடையலாம் என்பதையும்
காசு கொடுத்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.
உடையக்கூடியதை எடுத்தேன்.

மாட்டும்போது நட் சேற்றில் விழுந்தது.
முக்கால் மணி நேரம்
மூன்று பேரும் கால்விரலால் துழாவினோம்.
தவமணிக்குக் கிடைத்தது,
கூடவே ஒரு நண்டும்.

ஐயாயிரத்து இருநூறு.
சத்தம் கூடியிருந்தது, இருமல் இல்லை.
கோரையாறு வந்து சேரும் இடத்தில்
எதிர் நீரோட்டத்தில், நிறைபாரத்தில்
மூக்கு மெல்ல இறங்கி
படகு தன் வயிற்றின் மேல் ஏறிக்கொண்டது.
இடும்பன் எதுவும் சொல்லவில்லை.
பீடியைப் பற்றவைத்தான்.
அவன் பாராட்டு அவ்வளவுதான்.

காலையில் வெறும் படகாய்ப் போகும்போது
ஜாம்புவானோடைப் பையன்கள் எல்லாரும்
எங்களைத் தாண்டிப் போகிறார்கள்.
வைரவன் கையாட்டுகிறான்.
போகட்டும். மத்தியானம் பார்ப்போம்.

பழைய பதினொன்று
ஐஸ் கம்பெனி ரசீதுகளின் மேல் இருக்கிறது.
மேலே கரண்ட் விசிறி எவ்வளவு வேகமாய்ச் சுற்றினாலும்
ஒரு தாளும் நகர்வதில்லை.
தைமாதப் போட்டிக்கு
வைரவன் அதைக் கேட்டிருக்கிறான்.
கொடுப்பேன்,
டிபன் பாக்ஸையும் கரையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லி.