மீதி: ஃபோலியும்

தார்த்துவில் இந்த ஜனவரியில்
உலர்தாவர அறையின் குழாய் வெடித்தது.
முதலில் ஈரம் வந்தது,
ஈரத்தின் பின்னால் இராமபாணப் பூச்சி வந்தது.
பெயர்ச்சீட்டுகளின் இடது ஓரத்தில்தான்
அந்தக் காலத்துப் பசை,
மாவும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சியது.
ஆகவே பூச்சி
பெயர்களைத் தலையிலிருந்து தின்னத் தொடங்கியது.

என் மேசையில் ஆறு பெட்டி.
ஆல்பீனா என்று ஒரு சீட்டு.
மலைமேல் முளைத்ததா, மலைக்குச் சற்றுக் கீழா?
போனது சுப் என்றால் கீழே.
சுப் இல்லாவிட்டால் செடி
நானூறு மீட்டர் ஏறிவிடுகிறது,
தாளை விட்டு அசையாமலே.

இனெர்மிஸ், ஆயுதமற்றது.
எர்மிஸ் நிற்கிறது, அற்றதைக் காணோம்.
முள் உண்டா என்று விரலால் தடவினேன்.
குத்தவில்லை.
குத்தாததைச் சான்றாக எழுத முடியாது.

செம்பெர்விரென்ஸ்.
எப்போதும் பச்சை என்பதில்
எப்போதும் பூச்சியின் வயிற்றில்.
விரென்ஸ், பச்சை, என்று மிஞ்சியிருக்கும் இலை
தேநீர் நிறம்.

எங்கள் எஸ்தோனியத்தில் எல்லாம் வாலில் ஒட்டும்.
இலை என்று முதலில் சொல்லிவிட்டு
அதோடா, அதன்மேலா, அதிலிருந்தா, அதில்லாமலா
என்பதைக் கடைசியில் சொல்வோம்.
லெஹெத்தா: இலையின்றி.
கையில் கொடுத்துவிட்டுப் பிடுங்குகிற மொழி.
லத்தீன்காரன் அவசரக்காரன்,
இல்லை என்பதை வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவான்.
எங்கள் சீட்டாக இருந்தால்
பூச்சி இலையைத் தின்று
இன்றியை மிச்சம் வைத்திருக்கும்.
எது தேவலாம், தெரியவில்லை.

நான்காம் பெட்டியில் மயான்தெமும்.
மேல் வரியை நடுவில் எழுதியிருந்ததால் பிழைத்தது.
கீழ் வரியில் ஃபோலியும் மட்டும்.
தண்டில் ஓர் இலை.
தாளில் இன்னோர் இலையளவு வெளிறல்.

'பி போடு,' என்றாள் ஊர்வெ, நிமிராமல்.
'நம் காட்டில் வேறு கிடையாது.'

கிடையாதுதான்.
பி என்றால் இரண்டு, இரட்டை, இருபுறம்.
நவம்பரில் எண்டெலின் நெஞ்சுப் படத்தோடு வந்த தாளிலும்
பிலாட்டெரால் என்று இருந்தது.
மருத்துவர் விளக்க வாயெடுத்தார்.
இருபத்தாறு வருடம் பெயர்ச்சீட்டு எழுதுகிறேன்,
முன்னொட்டு எனக்குத் தெரியும் என்றேன்.
ஒரு பக்கம் என்றால் வெட்டலாமாம்.
திரும்பும் பேருந்தில்
அந்த இரண்டு எழுத்தின் மேல்
கட்டைவிரலை வைத்து மூடிப் பார்த்தேன்.
லாட்டெரால்.
பக்கம், பக்கவாட்டில், அவ்வளவுதான்.
யாருக்குத்தான் பக்கம் இல்லை?
எந்தப் பூச்சியும் அந்தத் தாளைத் தொடவில்லை.
அது பசையில்லாத காகிதம்.

இந்தச் செடிக்கு எங்கள் பெயர் லெசெலெஹ்த்.
பிரித்தால் கைம்பெண் இலை.
பூக்காத தண்டு ஒற்றை இலைதான் விடும்.
அதைப் பார்த்து வைத்தார்களோ என்னவோ.
லத்தீன்காரன் பூத்ததைப் பார்த்து
இரண்டு என்று எண்ணிவிட்டுப் போனான்.
காட்டில் இரண்டும் கலந்துதான் நிற்கும்,
மே மாதம், முழங்காலுக்கும் கீழே.
எண்டெல் அதை மிதித்துக்கொண்டே போவான்.
அவனுக்கு எல்லாம் புல்.
நேற்று இரண்டு கரண்டி சூப் குடித்தான்.

காணாமல் போன எழுத்தைச்
சதுர அடைப்புக்குள் எழுதுவது எங்கள் வழக்கம்.
பார்க்கவில்லை, இருந்திருக்கும்
என்று அதற்குப் பொருள்.

உதிர்ந்த துண்டுகளுக்குத் தாளின் மூலையில்
ஒரு சின்ன உறை ஒட்டியிருப்பார்கள்.
கவிழ்த்தேன்.
இலைக்குப் பதில் அது விழுந்தது,
வெள்ளியாய், உயிரோடு,
சுப்பையும் இன்னையும் எப்போதும் என்பதையும்
சுமந்துகொண்டு
மேசைக்கு அடியில் ஓடியது.

அடிப்பதற்கு எடுத்த அளவுகோலால்
இரண்டு அடைப்புக்குறி வரைந்தேன்.
நேராக வந்தன.
உள்ளே இன்னும் எழுதவில்லை.
ஊர்வெ ஏழாவது பெட்டியை
இழுத்துக்கொண்டு வருகிறாள்.