கறையான் தின்ற பக்கம்

மாங்குளம் ஆஸ்பத்திரியில்
மருந்து கொடுக்கிற யன்னலுக்கு இந்தப் பக்கம்
பதினொரு வருடமாக இருக்கிறேன்.
அந்தப் பக்கம் கைகள் மட்டும் தெரியும்.
நகத்தைப் பார்த்தே சொல்வேன்
இது இரத்தசோகை, இது மண்வெட்டி.

நிமலரூபனின் கை அன்றைக்கு நடுங்கியது.
பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள்,
மனைவிக்குப் பால் போதவில்லை.
துண்டில் எழுதியிருந்ததை எண்ணிப் போட்டேன்.
உறையை வாங்கியவன் போகாமல் நின்றான்.
"மிஸ், அழுங்குச் செதில் என்ன வருத்தத்துக்கு?"

பனிக்கன்குளத்துக் காட்டில் இரண்டு அகப்பட்டதாம்.
மீன் லொறியில் வந்தவன்
உப்புச்சாக்கில் கட்டி எடுத்துப்போனானாம்.
அவன் சொன்ன விலை
என்னுடைய இரண்டு மாதச் சம்பளம்.

இரவு போனில் தேடினேன்.
சீனத்தில் அதை மணலில் வறுத்துப் பொடித்துக் குடித்தார்களாம்,
கட்டிய பால் இறங்க.

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.
யாரோ ஒருத்தி, பெயர் தெரியாத நகரத்தில்
அழுகிற பிள்ளையோடு விழித்திருக்கிறாள்.
அவளோடு எனக்கென்ன கோபம்?
அழுங்கும் குட்டியை வாலடியில் ஏற்றிக்கொண்டுதான் நடக்கும்.
நாய் குரைத்தால் உருண்டுவிடும், குட்டி உள்ளே.
சிறுத்தைக்குப் போதுமான உபாயம் அது.
சாக்கோடு வருகிறவனுக்கு
தூக்குவதற்கு வசதி.

செதில் வேறொன்றுமில்லை, நகம்.
நான் கிழமைக்கொருதரம் வெட்டி
முற்றத்தில் எறிகிற அதே பொருள்.
ஒருவரும் லொறியில் வந்து கேட்டதில்லை.

சீன வைத்தியம் என்றால்
சிரித்துவிட்டுப் போகவும் எனக்கு வழியில்லை.
என் இடுப்பில் ஒரு சன்னம் இருக்கிறது.
யாழ்ப்பாணத்துச் சத்திரசிகிச்சை நிபுணர்
படத்தை வெளிச்சத்தில் பிடித்து
"இருக்கட்டும், அதுவும் உங்களோடு பழகிவிட்டது" என்றார்.
நோவுக்குத் தந்த குளிசை வயிற்றைப் புண்ணாக்கியது.
வவுனியாவில் டொக்டர் றிஸ்வானா
முழங்காலுக்குக் கீழே நாலு ஊசி குத்தினா.
"உள்ளே ஏற்கெனவே ஒன்று இருக்குதே" என்றேன்.
அதை வைத்தது வேறு வைத்தியர் என்றா.
அன்றிரவு இடப்பக்கம் திரும்பிப் படுத்தேன்,
எட்டு வருடத்துக்குப் பிறகு.
ஊசியா, அவ நெற்றியில் வைத்த கையா, தெரியாது.

அழுங்கைப் பற்றி அவவிடம் கேட்டேன்.
அவர்களே மருந்து நூலின் பட்டியலிலிருந்து
அதை எடுத்துவிட்டார்களாம்.
மீன் லொறிக்கு அந்தச் சேதி இன்னும் வரவில்லை.

என் அலுமாரி மட்டும் சுத்தமோ?
இரத்தம் உறையாமல் காக்கிற அந்தச் சிறு குப்பி
பன்றிக்குடலில் இருந்து வந்தது.
ஊசிமருந்தில் நஞ்சில்லை என்று சோதிக்க
எங்கோ ஒரு கரையில்
குதிரைலாட நண்டுகளை வரிசையாய்க் கட்டி
நீல இரத்தம் இறக்குகிறார்கள்.
காலாவதியான மருந்தைக் கரைத்து ஊற்றிய
பின்பக்க வாய்க்காலில்
மாரியிலும் தவளைச் சத்தம் இல்லை.
ஊற்றியது நான்தான், கையொப்பத்தோடு.

வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம்
ஒரு மருந்து உறையின் பின்புறத்தில் கிடக்கிறது.
நான் எடுக்கவில்லை.
அடுத்த கிளினிக்குக்கு அவன் பிள்ளையோடு வந்தான்.
பிள்ளை ஊறியிருந்தது.
எதனால் என்று கேட்க
என் யன்னல் சிறிது.

இந்த வருடம் கறையான் அதிகம்.
களஞ்சியத்துக் கதவுநிலை போய்விட்டது.
நேற்றுப் பதிவேட்டைத் திறந்தேன்,
ஆவணியும் புரட்டாதியும் மண்ணாய் உதிர்ந்தன.
யாருக்கு என்ன கொடுத்தேன் என்ற கணக்கு
இனி யாரிடமும் இல்லை.

மேலதிகாரிக்குக் கடிதம் எழுதுகிறேன்.
காரணம் என்ற இடத்தில்
"கறையான்" என்று எழுதி
கொஞ்சநேரம் பேனையைப் பிடித்தபடி இருந்தேன்.
அதைத் தின்ன வேண்டியதை
உப்புச்சாக்கில் கட்டியாயிற்று என்று
எந்தப் படிவத்தில் எழுதுவது?