பெயர்த்தல்

வெப்பத் துப்பாக்கியை ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும்.
கிட்டே போனால் சாயம் கொப்பளிக்கும்,
எட்டிப் போனால் பசை இளகாது.
இளகியதும் எழுத்தின் மூலையை நகத்தால் நெம்பி
மெல்ல இழுத்தால்
கம்பெனியின் பெயர் என் கையோடு வந்துவிடும்.

இரவுக்குப் பதினொரு வண்டி.
முதல் வண்டி கிளம்பும் ஐந்தே காலுக்குள்
பழசு போய்ப் புதுசு ஏறியிருக்க வேண்டும்.
அங் மோ கியோ டெப்போ, மூன்றாவது கொட்டகை.
நான், ரொஸ்னானி, கால் ஆடும் ஓர் ஏணி.

காரணமெல்லாம் சொன்னார்கள்.
கேன்டீனில் திரை கட்டி, ஏர்கானைக் கூட்டி வைத்து
டை கட்டிய ஒருவர் சொன்னார்:
புதிய எழுத்துகள் பன்னிரண்டு பாகை முன்னால் சாய்ந்திருக்கின்றன,
அது முன்னேற்றம்.
பின்வரிசையிலிருந்து போ செங்,
"பிரேக் போட்டால் நிற்கிறவர்களும் அப்படித்தான் சாய்வார்கள்."
முதலில் யாரும் சிரிக்கவில்லை.
பிறகு டை கட்டியவரும் சிரித்தார்.
கேக் வெட்டினார்கள்.
என் துண்டில் ஓர் எழுத்தின் வால் மட்டும் இருந்தது.
நாக்கு விடியும்வரை நீலம்.

இந்தத் தீவுக்கு இது புதிதில்லை.
ஏழு பேர் முழங்கால் இடிக்க அமரும் வண்டிகளுக்கு
ஒரு காலத்தில் கொசு என்று பேர்.
அப்புறம் சீனக் குடும்பங்களின் கம்பெனிகள்,
ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு சாலை,
மழையில் பாதி வழியில் நிற்கும் உரிமை எல்லோருக்கும்.
சேருங்கள் என்றது அரசு.
பல நான்காகி, நான்கு மூன்றாகி, மூன்று ஒன்றாகி,
ஒன்று பங்குச் சந்தைக்குப் போய் வந்தது.
டிக்கெட் கிழிக்கிறவர் போனார், சில்லறைப் பெட்டி வந்தது.
பெட்டி போனது, அட்டை வந்தது.
டிரைவரைக் கேப்டன் என்றார்கள்;
கேப்டனுக்கும் கழிப்பறைக்கு அதே நான்கு நிமிடம்.

திரையில் யாரும் காட்டாத ஒன்று உண்டு.
எழுத்தை உரித்த இடத்தில் சாயம் வெளுத்திருக்காது.
பதினான்கு ஆண்டு வெயில் சுற்றிலும் மேய்ந்திருக்க
எழுத்துக்கு அடியில் மட்டும் முதல் நாள் பூசிய சிவப்பு.
பெயரை எடுத்த பிறகு
பெயர் இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

பெயர் என்றால் பேர்.
பெயர் என்றால் இடம்விட்டு நகர்.
பெயர்த்தால் வேரோடு வரும் என்பார்கள், வரவில்லை.
பேருந்தைத் தப்பாகப் பிரித்தால் பேர், உந்து.
அரைகுறை மலாயில் ரொஸ்னானிக்கு விளக்கினேன்.
ஏணியைப் பிடித்தபடி யோசித்துவிட்டுச் சொன்னாள்:
"உங்கள் ஊர்ப் பாஷையில் நம் இரண்டு பேருக்கும்
ஒரே சொல்லில் வேலை முடிந்துவிடுகிறது."

நாலு ஐம்பதுக்கு எழுத்துத் தாள் தீர்ந்தது.
பத்து வண்டிக்குத்தான் வெட்டி அனுப்பியிருந்தார்கள்.
பதினொன்றாவது, பழசும் இல்லாமல் புதுசும் இல்லாமல்
சிவப்புக்குள் சிவப்பாய் ஒரு நிழலோடு
வாசலைத் தாண்டியது.
நான் அதிலேதான் வீட்டுக்குப் போனேன்.

தோ பாயோவில் வெள்ளைக் காலணித் தாதி ஒருத்தி
நெற்றியில் ஒளிரும் எண்ணை மட்டும் பார்த்தாள்,
ஏறினாள், தட்டினாள், உட்காருமுன்பே தூங்கினாள்.
மீன்கூடைக்காரர் ஏறினார். பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள்.
பேரில்லாத வண்டி
எல்லா நிறுத்தத்திலும் நின்றது.
வளைவில் எல்லோரையும் சாய்த்தது,
எத்தனை பாகை என்று தெரியாது.

மறுநாள் மிஸ்டர் தியோ கேட்டார், யார் விட்டது?
தாள் போதவில்லை என்றேன். எழுதிக்கொண்டார்.
புதிய அடையாள அட்டையை நீட்டினார்.
அதில் பத்து எழுத்துக்கு மேல் இடமில்லை;
தமயந்தி சூசைமுத்துவில்
சூசை மட்டும் பாதியில் இறங்கியிருந்தார்.

சொல்ல விட்டுவிட்டேன்,
அன்று காலை சட்டையைக் கழற்றும்போது
முழங்கையில் ஒட்டியிருந்தது ஓர் எழுத்து,
நேராக நிற்கும் பழைய எழுத்து.
குப்பைத் தொட்டியில் போட்டேன்.
மூடியில் ஒட்டிக்கொண்டது.