அணைத்த பிறகும்

புதுப்பாளையத்திலிருந்து போன்.
கிரைண்டர் ஷாக் அடிக்கிறதாம்.
பேசியது அடி வாங்கினவள் இல்லை, அவள் புருஷன்:
"ஒண்ணுமில்லண்ணே, சும்மா ஒருதரம் பாத்துட்டுப் போங்க,
அவ மனசுக்கு."

மனசுக்கு ஒயர் இழுத்துப் பழக்கமில்லை எனக்கு.
போனேன்.

கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்க
மாமியார் உள்ளங்கையை அதன் வயிற்றில் வைத்துக் காட்டினார்.
"எங்க தம்பி அடிக்குது?"
திருநாவும் வைத்தான். அவனுக்கும் இல்லை.
"எட்டு மாசமா சொல்றா.
எட்டு மாசமா நாங்களும் தொட்டுத் தொட்டுக் காட்டுறோம்."
சுகந்தி உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.
சிந்தின தண்ணீர்
அவள் குதிகாலைச் சுற்றிக்கொண்டு போனது.

தரையைப் பார்ப்பதுதான் என் தொழிலில் பாதி.
மாமியார் காலில் மூட்டுவலிக்கு டாக்டர் சொன்ன
நீல எம்.சி.ஆர். செருப்பு.
திருநாவு காலில் பாத்ரூம் ரப்பர்.
அவளுக்கு வெறுங்கால்.
எனக்கும்தான், என் செருப்பு வாசலில் கிடந்தது.
கூட வரும் பையன்களைத் திட்டுகிற காரியம், தெரிந்தே செய்தேன்:
அவள் நின்ற ஈரத்தில் நின்று
புறங்கையால் லேசாகத்
தொட்டேன்.

முழங்கை வரை வந்துவிட்டுப் போனது.

"அடிக்குது" என்றேன்.
அந்த வீட்டில் அந்த வார்த்தையை
இரண்டாவது ஆள் சொன்னது அன்றைக்குத்தான்.

சுவிட்சை அணைத்தேன். கல் நின்றது.
டெஸ்டரை வைத்தேன்.
எரிந்தது.

போர்டைக் கழற்றினால்
திருகெல்லாம் பாசி நிறத்தில் பூத்திருக்கிறது, கடல்காற்று.
சுவிட்சில் கறுப்பு ஒயர்.
உள்ளே வருகிறவனைப் போக விட்டு
திரும்பிப் போகிறவனை மறித்து வைத்திருக்கிறார்கள்.
மண்ணுக்குப் போகவேண்டிய பச்சை
எங்கேயும் போகாமல்
டேப் சுற்றி ஜிலேபியாய் மூலையில்.
"யார் செஞ்ச வேலை இது?"
"எங்க தம்பிதான்" என்றார் மாமியார்.
கொஞ்சம் பொறுத்து,
"அவன் நல்லாத்தான் செய்வான்."

சுகந்தி அப்போதுதான் வாய் திறந்தாள்.
"ஆஃப் பண்ணியிருக்கும்போதும் இருந்துச்சாண்ணே?"
இருந்தது.
"ஆஃப் பண்ணிட்டுத்தான் கழுவுவேன்."
யாரிடமும் சொல்லவில்லை. பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

டிபி சுவிட்ச் வாங்கி வந்தேன், இருபது ஆம்ப்ஸ்.
அதில் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கும் வேலை இல்லை.
அணைத்தால் இரண்டு கம்பியும் ஒன்றாக விலகும்.
"ஃப்ரிட்ஜுக்குப் பின்னால வச்சிடுங்க, பாக்க அசிங்கமா இருக்காது"
என்றான் திருநாவு.
அடுப்புக்கு மேலே போதும் என்றார் மாமியார்.
தீப்பிடித்தால் தீயைத் தாண்டியா கை நீட்டுவது?
"நீங்க நீட்டுங்கம்மா" என்றேன்.
நின்ற இடத்திலிருந்தே நீட்டினாள்.
விரல் முடிந்த இடத்தில்
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

பின்புறம் எர்த் குழி.
கரி ஒரு வரிசை, உப்பு ஒரு வரிசை.
"இந்த ஊர் மண்ணுக்கு உப்பையும் காசு குடுத்து வாங்கணுமா?"
திருநாவு சிரித்தான். நானும் சிரித்தேன்.
பில்லில் நூறு குறைக்கச் சொன்னான், ஐம்பது குறைத்தேன்.

ஓடவிட்டு டெஸ்டர் வைத்தேன், எரியவில்லை.
அணைத்துவிட்டு வைத்தேன், எரியவில்லை.
"இப்ப தொடுங்கம்மா."
ஈரக்கை கிரைண்டரை நோக்கிப் போனது.
ஒரு சாண் தூரத்தில் நின்றது.
"இருக்கட்டும்ணே. நாளைக்கு."

பையைக் கட்டி வெளியே வந்தவன்
ஸ்குரூடிரைவரை மறந்து திரும்பப் போனேன்.
அடுக்களையில் மாமியார் மட்டும்.
ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து
ஈரத்தில் வைத்துக்கொண்டு
நின்றிருந்தார்.
கை இன்னும் முந்தானைக்குள்ளேயே இருந்தது.