கல் வெந்த நாள்

சாஸ்கட்டூனில் கடல் கிடையாது.
ஓரெஸ்ட் அதை நிலவறையில் வைத்திருந்தான்,
நானூறு லிட்டர், நீல விளக்கோடு.

வேண்டாத பவளம் கல்லெல்லாம் படர்ந்தது,
பழுப்பாக, பொத்தான் பொத்தானாக.
சுரண்டிப் பார்த்தான். போகவில்லை.
என் போர்ஷ்ட் பானையில் போட்டுக் கொதிக்கவிட்டான்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னல் இடுக்கெல்லாம் நான் ஒட்டிய டேப்.

முதலில் நாக்கில் செப்புக்காசு.
பிறகு நாய் இருமியது.
பிறகு அவன், பற்கள் கிடுகிடுக்க,
"ஆவி" என்றான்.
அடுப்பை அணைத்து, டேப்பைக் கிழித்தேன்.
குளிரை அப்படி மடக் மடக்கென்று
குடித்ததில்லை நான்.

அவசரப் பிரிவில் செவிலி கேட்டாள்:
"என்ன சாப்பிட்டீர்கள்?"
"எதுவுமில்லை. கல்லை வேகவைத்தோம்."
மறுபடியும் கேட்டாள்.

இப்போது தொட்டிப் பக்கத்தில், ஆணியில்,
கையுறையும் கண்ணாடியும் தொங்குகின்றன.
பானை குப்பைக்குப் போயிற்று.
நாய் இன்னும்
அந்தப் படியில் இறங்க மறுக்கிறது.